இரண்டரை ஏக்கருக்கு ஒரு பழைய டிராக்டர்

பைக் வாங்குவது பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செல்போன் வாங்குவது பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் பழைய மினி டிராக்டர் ஒன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று யாரிடமாவது கேட்டால், "தெரிஞ்ச மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போங்க" என்பதோடு முடித்துவிடுவார்கள். இத்தனைக்கும் ஒரு சின்ன விவசாயி வாழ்நாளில் வாங்கும் பொருட்களில் நிலத்துக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக விலை கூடியது அநேகமாக இதுதான். ஜலகண்டாபுரம் பக்கத்தில் ஒரு குடும்பம் இப்படி ஒரு வண்டி தேடி அலைந்த கதையை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வரி. சேலம் மாவட்டம், மேட்டூர் வட்டத்தில் இருக்கிற பேரூராட்சி ஜலகண்டாபுரம். "மேட்டூர் அணை பக்கத்திலேயே இருக்கே, தண்ணிக்கு என்ன குறை?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அணை 1934-லேயே கட்டி முடிந்துவிட்டது. ஆனால் அதன் தண்ணீர் போவது கீழே டெல்டாவுக்கு. அணையின் உபரி நீரை இந்தப் பக்கத்து வறண்ட ஏரிகள் நூறுக்கு ஏற்றிக் கொண்டுவரும் 565 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2020-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள். முதல் கட்டம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மற்றபடி செம்மண் காடு, கிணறு, போர், வானத்து மழை. இதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதால்தான் பல வீடுகளில் தறியும் உண்டு, தோட்டமும் உண்டு.

நம் கதாநாயகரும் அப்படித்தான். வயது ஐம்பதுக்கு மேல். வீட்டில் இரண்டு தறி. இரண்டரை ஏக்கர் நிலம். அதில் ஒரு ஏக்கர் தென்னை, ஒரு ஏக்கர் மரவள்ளி, மீதி அரை ஏக்கரில் நிலக்கடலை அல்லது மாட்டுத் தீவனச் சோளம். அவருடைய அப்பா காலத்தில் ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது. மாடு போனதும் வாடகை டிராக்டர். இரண்டு வருடமாக அதுவும் சரியாக அமையாமல், பாதி நிலம் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. உழாமல் கிடக்கும் நிலத்தைப் பார்த்தால் ஊரில் ஒரு கேள்வி வரும். "ஏனுங்கண்ணா, காடு குடுக்கறதா இருந்தா சொல்லுங்க." ஒரே மாதத்தில் மூன்று பேர் இப்படிக் கேட்டுவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவர் டிராக்டர் வாங்குவது என்று முடிவு செய்தார். ஆக, இது வண்டி ஆசை இல்லை. நிலம் கையில் இருக்குமா இருக்காதா என்கிற விஷயம்.

வாடகை வண்டி ஏன் அமையவில்லை?

காரணம் காசு இல்லை, நாள். செம்மண்ணில் ஒரு நல்ல மழை பெய்தால் மறுநாள் சேறு. இரண்டாம், மூன்றாம் நாள்தான் உழவுக்குச் சரியான ஈரம். ஐந்தாம் நாள் வெயில் காய்ந்தால் மேல் மண் இறுகிவிடும், கலப்பை கட்டி கட்டியாகப் பெயர்க்கும். அந்த இரண்டு மூன்று நாளில் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே டிராக்டருக்குப் போன் போடும். டிராக்டர்காரரைக் குறை சொல்ல முடியாது. பத்து ஏக்கர்க்காரர் கூப்பிட்டால் அங்கேதான் முதலில் போவார். அரை ஏக்கர் கடலைக் காட்டுக்கு அவர் வந்து சேரும்போது ஈரம் போயிருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். பட்டம் வந்தாலும் டிராக்டர் வர வேண்டுமே!

வண்டிக்கு முன்னால் நிலத்தை அளக்க வேண்டும்

எல்லோரும் செய்கிற தவறு, நேராக வண்டி பார்க்கப் போவது. சங்ககிரி லாரிக்கும், நாமக்கல் பாடி கட்டுவதற்கும், திருச்செங்கோடு ரிக் வண்டிக்கும் பேர் போன இடங்கள். இந்த வட்டாரத்தில் வண்டி என்றால் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். "வாங்கறதுதான் வாங்கறீங்க, நாப்பத்தஞ்சு எச்.பி.யா வாங்கிப் போடுங்க" என்று அவருக்கும் சொன்னார்கள்.

அவருடைய மகள் (கல்லூரியில் படிக்கிறாள்) ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு காட்டுக்குப் போனாள். அளந்தது மூன்றே விஷயம். மரத்துக்கு மரம், பாருக்குப் பார் எவ்வளவு இடைவெளி? வண்டி திரும்ப வரப்போரம் எவ்வளவு இடம்? வருடத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை?

தென்னைக்கு இடைவெளி 25 அடி. அங்கே எந்த டிராக்டரும் போகும். மரவள்ளிக்கு 3 அடி. அங்கே எந்த நாலு சக்கர டிராக்டரும் போகாது, மினி உட்பட! ஏனென்றால் 15 குதிரைத்திறன் மினி டிராக்டர்களே ஏறத்தாழ மூன்று அடி அகலம் இருக்கும். ஆகவே டிராக்டர் வாங்குவதென்றால் அடுத்த நடவில் பாரை 4 அடியாக மாற்ற வேண்டும். செடிக்குச் செடி இரண்டேகால் அடியாகக் குறைத்துக்கொண்டால் ஏக்கருக்கு வரும் செடி எண்ணிக்கை மாறாது. 3க்கு 3 ஆனாலும், 4க்கு 2.25 ஆனாலும் ஒரு செடிக்கு 9 சதுர அடி, ஏக்கருக்கு 4,840 செடி. செடி சிறிதாக இருக்கும் முதல் இரண்டு மூன்று மாதம் மினி டிராக்டர் உள்ளே போய்க் களை எடுக்கலாம். அதற்குப் பிறகு இலை மூடிவிடும், களையும் அடங்கிவிடும்.

அடுத்து நேரம். மூன்றடி அகலக் கலப்பை, மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் மணிக்கு 2,700 சதுர மீட்டர். திரும்புவது, நிறுத்துவது எல்லாம் கழித்தால் சுமார் 2,000. அதாவது அரை ஏக்கர். பெரிய டிராக்டர் ஒன்பது கொத்துக் கலப்பையோடு ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு மினிக்கு இரண்டு மணி நேரம். உழவு, களை, மருந்து, தேங்காய் இழுப்பது எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 50 மணி நேரம் வந்தது. வருடத்தில் 8,760 மணி நேரம் இருக்கிறது. மீதி நேரம் முழுக்க வண்டி சும்மா நிற்கும். இந்த ஐம்பது என்கிற எண்தான் பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

எந்த அளவு வண்டி?

மினி டிராக்டர் என்று சொன்னாலும் அதில் மூன்று ரகம் இருக்கிறது.

1. 15 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர். மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்றவை. ஒல்லியானவை. சத்தமும் அதிர்வும் கொஞ்சம் கூட. ரிப்பேர் செலவு குறைவு.
2. 18, 19 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். பெங்களூரு வி.எஸ்.டி. நிறுவனத்தின் சக்தி எம்.டி. 180டி இந்த ரகம். மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் தொடங்கிய நிறுவனம் அது.
3. 24 முதல் 28 வரை, பெரும்பாலும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள். குபோட்டா நியோஸ்டார், மஹிந்திரா ஜீவோ 245 போல. சேற்றிலும் மேட்டிலும் நன்றாகப் போகும். விலையும் கூட, முன் அச்சில் பழுது வந்தால் செலவும் கூட.

இவ்வளவு சின்ன வண்டி எப்படி உழுகிறது? ஹாரி ஃபெர்குசன் என்கிற ஐரிஷ்காரர்தான் காரணம். அதற்கு முன் டிராக்டர் என்றால் கலப்பையைக் கயிறு கட்டி இழுக்கும் மாடு மாதிரி, பின்னால் கோர்த்து இழுக்கும். வண்டி கனமாக இருந்தால்தான் இழுவை கிடைக்கும். ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு இணைத்து, ஹைட்ராலிக்கால் தூக்கி இறக்கும்படி செய்தார். மண் கலப்பையைப் பிடித்து இழுக்கும் விசையே பின் சக்கரத்தைத் தரையில் அழுத்தும். 1939-ல் ஃபோர்டு கம்பெனியோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த டிராக்டர் உலகம் முழுக்க இந்த முறையைப் பரப்பியது. இன்று ஜலகண்டாபுரத்தில் நிற்கும் மினி டிராக்டரின் பின்பக்கமும் அதே மூன்று புள்ளிதான். (இலங்கைத் தமிழர்கள் டிராக்டரை அழகாக உழவு இயந்திரம் என்பார்கள். அங்கே இரண்டு சக்கர டிராக்டருக்கு லேண்ட்மாஸ்டர் என்று பெயர். அது ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர்!)

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தை மட்டும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். லிஃப்ட் வேலை செய்யாத டிராக்டர் பாதி டிராக்டர்தான்.

மூன்று வண்டிகள்

முதல் வண்டி 18 குதிரைத்திறன். புது பெயின்ட், புது டயர். ஹவர் மீட்டர் 900 மணி என்று காட்டியது. லாரியைக் கிலோமீட்டரில் எடை போடுவார்கள், டிராக்டரை மணி நேரத்தில். 900 மணி என்பது இளம் வயது. ஆனால் இவர்கள் போவதற்கு முன்பே எஞ்சின் சூடாக இருந்தது. கூடப் போன மெக்கானிக் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. கிளட்ச் பெடலைக் காட்டினார். ரப்பர் தேய்ந்து, இரும்பும் வழவழவென்று பளபளத்தது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்தால் இப்படி வரும். "அண்ணா, மீட்டர மாத்தலாமுங்க, பெடல மாத்த மறந்துட்டாங்க" என்றார் மெக்கானிக். திரும்பி வந்துவிட்டார்கள்.

இரண்டாவது 24 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை. மகன் அதைப் பார்த்ததும் விழுந்துவிட்டான். டெல்டாவில் சேற்றுழவு ஓட்டிய வண்டி. சேற்று உழவில் முன் அச்சின் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிடும். அச்சின் ஆயில் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தது. அதைக்கூடச் சரி செய்துகொள்ளலாம். பெரிய சிக்கல் ஆர்.சி.யில் இருந்தது. வங்கிக் கடன் இன்னும் அதில் ஏறியிருந்தது. "கடனெல்லாம் கட்டியாச்சு, என்.ஓ.சி. அடுத்த வாரம் வந்துரும்" என்றார் தரகர். அப்பா மகனைப் பார்த்தார். "அடுத்த வாரம் வரட்டும், அப்ப வரலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

மூன்றாவது 15 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர். வயதான ஒரு தென்னந்தோப்புக்காரர் வைத்திருந்தது. பெயின்ட் வெளுத்து, சீட் கிழிந்து, பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் குளிர்ந்த எஞ்சின் இரண்டாவது முயற்சியில் கிளம்பியது. புகை முதலில் கொஞ்சம் வெள்ளை, பிறகு தெளிந்துவிட்டது. (தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இழுக்காமல் நிற்கும்போதே கறுப்புப் புகை தள்ளினால் ஏர் ஃபில்டரோ டீசல் பம்ப்போ சரியில்லை.) மேல் கியர் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விட்டபோது எஞ்சின் அடங்கி நின்றது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மகள் டேப் வைத்து அளந்தாள். மூன்றடிக்குள் அடங்கியது.

குறை இல்லாமல் இல்லை. கலப்பையைத் தூக்கி வைத்து எஞ்சினை அணைத்தால், அது ஐந்து நிமிடத்தில் தரைக்கு இறங்கிவிட்டது. லிஃப்ட் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. இன்னொன்று, இடது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை.

டிராக்டருக்கு இடது வலது என்று இரண்டு பிரேக் பெடல். காட்டில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டில் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுத்துவிடும். இவர்களுடைய தோட்டத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. கடைசிப் பார் கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி முடிகிறது. ஓட்டப் போவது மகன். அதுவரை பேசாமல் இருந்த அம்மா அப்போது வாய் திறந்தார். "ஏனுங்க, பிரேக்கு மாத்தித் தந்தா வாங்கலாமுங்க. நாமளா மாத்திக்கலாம்னா வேண்டாம். அப்பறம் பாத்துக்கலாம்னு நீங்க விட்டுருவீங்க." பிரேக்கும் லிஃப்ட் சீலும் மாற்றி, மெக்கானிக் ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணம் என்று பேசி முடித்தார்கள். விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கிணற்றைச் சுற்றிக் கல்லடுக்கினார்கள்.

காகிதம்

- ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் துடைத்துப் பார்த்து ஒப்பிட வேண்டும்.
- கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே பணம்.
- பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம்.
- பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். பதினான்கு வயது வண்டி மலிவாகக் கிடைத்தால் புதுப்பிக்கும் செலவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.
- மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். "காட்டுக்குள்ளதானே ஓடுது" என்பார்கள். காட்டுக்குப் போக ரோட்டைக் கடந்துதானே ஆக வேண்டும்?

கணக்கு

மகள் நோட்டில் போட்ட கணக்கு இது. எண்களை அவரவர் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். சீட்டுப் பணம் ஒன்றரை லட்சம் இருந்தது. மீதிக்கு அம்மாவின் நகை. மொத்தப் பணத்துக்கும் நூற்றுக்கு ஒன்பது வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 21,600. இன்சூரன்ஸ், ஆயில், ரிப்பேர் 15,000. ஐம்பது மணி நேரத்துக்கு டீசல் 10,000. ஆக மொத்தம் 46,600 ரூபாய். வாடகை வண்டிக்கு வருடத்துக்கு ஆவது 15,000. மரவள்ளிக் களைக்கூலியில் மிச்சம் 8,000 என்று வைத்தாலும் 23,000தான். பாதிகூட வரவில்லை!

புது வண்டியும் யோசித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. அரசு மானியமும் புது வண்டிக்குத்தான், பழையதற்கு இல்லை. ஆனாலும் 15 குதிரைத்திறன் புது வண்டியே மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. (புதிய வண்டியின் வரி குறைந்திருக்கிறது என்பதைப் பழைய வண்டி பேரத்தில் சொல்ல மறக்கக் கூடாது. இவர் சொன்னார், பத்தாயிரம் குறைந்தது.) வேளாண்மைப் பொறியியல் துறையிலும் டிராக்டர் வாடகைக்கு உண்டு. வாடகை கட்டுப்படியாகும். ஆனால் அங்கும் மழை பெய்த மூன்றாம் நாள் எல்லோரும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கடைசியில் வழி பக்கத்துக் காட்டிலேயே இருந்தது. பங்காளி ஒருவர், இரண்டு ஏக்கர், அதே பிரச்சினை. பங்காளிகளோடு சேர்ந்து பொருள் வாங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்! அதனால் பேச்சாக விடாமல் நோட்டில் எழுதினார்கள். ஆளுக்கு 1,20,000. நகை பெட்டியிலேயே இருந்தது. ஆர்.சி. ஒருவர் பெயரில், இன்னொருவரின் பங்கு கையெழுத்தோடு எழுத்தில். அவரவர் டீசல் அவரவருக்கு. ஹவர் மீட்டரில் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் நூறு ரூபாய் ரிப்பேர் உண்டியலில். முதல் மழைக்கு இவர் காடு முதலில், அடுத்த மழைக்கு அவர் காடு முதலில். வெளி ஆளுக்கு வாடகைக்கு விடுவதென்றால் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போட்டால் வட்டியும் பராமரிப்பும் பாதியாகி 18,300, டீசல் 10,000. மொத்தம் 28,300. வாடகை வழியைவிட இன்னமும் ஐயாயிரத்துச் சொச்சம் கூடத்தான் ஆகிறது. மகள் நோட்டை நீட்டி, "அப்பா, இப்பவும் நட்டந்தான்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "போன வருஷம் பட்டம் தப்பி அரை ஏக்கர் கடலை போச்சே, அத எந்தப் பக்கம் எழுதுவ?"

டிராக்டர் வாங்க நினைக்கிற சின்ன விவசாயிகள் போட வேண்டிய கணக்கு இதுதான். பாருக்குள் நுழையாத வண்டி சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஓடும் மணி நேரம் குறைவென்றால் தனியாக வாங்க வேண்டாம், கூட்டாளி பார்க்கலாம். கூட்டாளி அமையவில்லை என்றால் வாடகையே மேல். ஆனால் அந்த ஐயாயிரம் வித்தியாசத்தை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது இரும்புக்குக் கொடுக்கும் விலை இல்லை. மழை விட்ட மூன்றாம் நாள் காலையில், யாருக்கும் போன் போடாமல், தன் காட்டைத் தானே உழுவதற்குக் கொடுக்கும் விலை.

அந்த வருடம் ஆடியில் மழை இரண்டு முறை பெய்தது. முதல் மழைக்கு இவர் காடு, இரண்டாவது மழைக்குப் பங்காளி காடு. காடு விலைக்கு வருமா என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.